நாக்குக்குக் கீழே நூல்

குருநகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் அடுத்த வளவில், கிழிந்த வலைகளைப் பொத்துகிற ஒருவர் இருந்தார். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. வலை ஊசியைப் பல்லில் கடித்தபடியேதான் கதைப்பார், பாதி விளங்காது.

என் பூனை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. வாயால் வீணீர் வடிந்தது, வெறும் வயிற்றோடு ஓங்காளித்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஆமணக்கெண்ணெய் பருக்கச் சொன்னார். அயலவர்கள் குழி வெட்டச் சொன்னார்கள். வலை பொத்துகிறவர் மட்டும் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே வந்தார்.

"ரீச்சர், வாயைத் திறந்து பார்த்தனீங்களோ?"

"ஓம் அண்ணை. ஒண்டும் இல்லை."

"நாக்குக்குக் கீழை?"

பூனையைச் சாக்கில் சுற்றிப் பிடித்தேன். தாடைக்கு அடியில் பெருவிரலால் அமர்த்தினார், நாக்கு எழும்பியது. அதன் அடியைச் சுற்றி வலைநூல் இறுகிக் கிடந்தது, மறுமுனை தொண்டைக்குள். நான் அதை எட்டிப் பிடித்தேன்.

"இழுக்காதையுங்கோ!"

அவர் வாயிலிருந்த ஊசி நிலத்தில் விழுந்தது.

"சிக்கின நூலை இழுத்தால் வலை கிழியும். உதின்ரை குடலும் அப்பிடித்தான்."

கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. "மிச்சம் தன்ரை பாட்டிலை போகும்."

மறுநாள் நூல் மலத்தோடு போனது. அதற்கடுத்த நாள், அவருடைய சோற்றுப் பெட்டியிலிருந்து பொரித்த சூடைமீனைக் கவ்விக்கொண்டு பூனை வேலி பாய்ந்தது.

"சுகம், ரீச்சர்! கள்ளிக்குச் சுகம்!" தெருவே திரும்பிப் பார்க்கும்படி கை தட்டிச் சிரித்தார்.

அது யாருடைய நூல் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று முதல் வெட்டிய நூல் துண்டுகளையெல்லாம் மடியில் செருகிக்கொண்டார். சோற்றுப் பெட்டியை மட்டும் திறந்தே வைத்தார்.