ஒஸ்வால்ட் சொன்னால் ஒறிஜினல்

கண்ணை மூடிக்கொண்டு, இடது கைச் சுண்டுவிரலை ஸ்பிரிங்கின் வளையங்களுக்குள் விட்டுக் கீழே இறக்குகிறார் ஒஸ்வால்ட். பிறகு அந்த விரலை முகர்கிறார். "டூப்ளிகேற்."

மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர் முகம் சுருங்குகிறது. "வித்தவன் ஒறிஜினல் எண்டு சொன்னவன், அங்கிள்."

"அவன் சொன்னவன். ஸ்பிரிங் சொல்லேல்லையே, மகன்."

கொட்டாஞ்சேனையில், கோயில் மதிலோடு ஒட்டி அவருடைய தகரக் கொட்டில். துறைமுகப் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களின் முன் ஃபோர்க், ஸ்பிரிங், அவற்றின் மூட்டுகளில் செருகும் பித்தளைப் புஷ் தவிர வேறெதையும் தொடமாட்டார். "எஞ்சினை எவனும் பாப்பான். ரோட்டு அடிக்கிற அடியெல்லாம் வாங்கிறது இதுகள்தான்."

எல்லாவற்றுக்கும் இடது கை. "பள்ளிக்கூடத்தில பிறதர் அடிச்சும் திருந்தாத மனுசன்" என்பார் மனைவி ஐறீன். ஒஸ்வால்ட் செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார். "என்ர கையால டூப்ளிகேற் பூட்டினதில்லை. அந்தோனியார் சாட்சி" என்பது அவர் வாயில் தேய்ந்துபோன வசனம். நான் எத்தனையோ நாடுகளில் கெட்டிக்காரக் கைகளைப் பார்த்திருக்கிறேன். இரும்பின் வயதை விரலால் சொல்கிற கையை இங்கேதான் கண்டேன்.

வெள்ளவத்தையில் எனக்கு அடுத்த ஃபிளாட்டில் இருப்பவர் கௌரி. அவருடைய அண்ணன் பாலசுந்தரம் இரண்டு வருடத்துக்கு முன், அப்பா விட்டுப்போன பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் வெளியே போனவர், திரும்பவில்லை. எந்தப் பொலிஸும் அவரைக் கண்டதாகச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு பொலிஸ் நிலையத்தின் பின்வளவில் அதே மாதிரி ஒன்று கிடப்பது தெரிந்தது. இலக்கங்களையெல்லாம் அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். அது அண்ணனுடையதுதான் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு நிற்கும். அந்த ஃபோர்க்கை ஒரு காலம் திருத்தியவர் ஒஸ்வால்ட்.

"பொலிஸ்காரங்கட இடத்திலயே போய்ப் பேர் எழுதிக் குடுக்கப் போறியளோ?" ஐறீன் வாசலை மறித்தார்.

"ஃபோர்க்கைத்தானே பாக்கப்போறன்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பொலிஸ் நிலையத்தின் பின்வளவில் கௌரியின் வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதியைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஒஸ்வால்ட் புல்லுக்குள் குந்தி, கண்ணை மூடினார்.

"ஸ்பிரிங் ஒறிஜினல். தட்டு ஒறிஜினல். போல்ட்டும் ஒறிஜினல்."

கௌரியின் முகம் மலர்ந்தது. ஒஸ்வால்ட் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"பிள்ளை, ஒறிஜினல் எல்லாம் ஒரே மாதிரித்தான். சண்டைக்கு வெள்ளைக்காரன் இறக்கினது எத்தினையோ. இது அண்ணன்ரதோ எண்டு ஒறிஜினல் சொல்லாது."

வழக்கறிஞர் பைலை மூடினார். அப்படியென்றால் முடிந்தது என்று சிங்களத்தில் சொல்லி எழுந்தார் இன்ஸ்பெக்டர்.

ஒஸ்வால்ட் எழும்பவில்லை. நெடுநேரம் அந்த ஃபோர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பானரைப் போட்டு இடப்பக்க மூட்டைக் கழற்றி, புஷ்ஷைத் தட்டி எடுத்தார். சட்டையில் துடைத்து உள்பக்கத்தைக் காட்டினார். கிறீஸ் ஓடுவதற்கு வெட்டிய கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மற்றப் பக்கத்துப் புஷ்ஷையும் எடுத்தார். அதில் கம்பனி வெட்டிய கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்த இடப்பக்கத்தது டூப்ளிகேற். எழுபத்தஞ்சில சாமான் வராத காலம். ஹாபர் கிரேனில கழிச்ச பித்தளையில நான் கடைஞ்சது. சிங்கப்பூரால வந்த ஒறிஜினல் எண்டு உங்கட அப்பாவுக்குப் பொய் சொல்லிப் பூட்டினனான். இப்பிடி ஒண்டுதான் செய்தனான், பிள்ளை. ஒண்டே ஒண்டு."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இதை எழுதிக் கையெழுத்து வைப்பாயா என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒஸ்வால்ட் கடதாசி கேட்டார். அது காற்றில் பறக்காதபடி மேலே அந்தப் புஷ்ஷை வைத்தார். பேனையை இடது கையில் எடுத்து, இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், தன் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதத் தொடங்கினார்.