மறுமுனையைப் பிடித்தவர்

அந்த நாட்களில் என் கைபேசி அடித்தபோதெல்லாம் லேபிலிருந்துதான் என்று நினைத்து ஓடிப்போய் எடுப்பேன். அன்று மதியமும் அப்படித்தான் எடுத்தேன். எதிர்வீட்டு மைமூன் அக்கா பேசினார். "தங்கச்சி, அவுக கார்கானாவுலயே சாஞ்சிட்டாகளாம். தண்ணி கேட்டாகளாம், கொண்டாரதுக்குள்ள..." என்று நிறுத்தினார். பின்னால் யாரோ இந்தியில் டாக்ஸியைத் திரும்பப் போகச் சொல்லும் சத்தம் கேட்டது. என் நாயைப் பற்றிய செய்திக்காகக் காத்திருந்தேன். அக்காவின் கணவர் காசிம் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தது.

நம் கட்டடத்துத் தமிழர்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்கு யாராவது பாயைப் பற்றி எழுத வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது. பெரியவர்களுக்கு நேரம் கிடையாது. ஆகவே இது என் தலையில் விழுந்தது. உங்களுக்குப் பாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்தவர். கமிட்டிக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் கீழே வாட்ச்மேனுக்குக் கேட்கும். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் உங்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இதெல்லாம் தெரிந்த கதை. கடைசிச் சில வாரங்கள், விடிந்தும் விடியாததுமாக, நான் அவரோடு படி இறங்கி ஏறியிருக்கிறேன். அது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

பாய் வீடும் என் வீடும் நாலாவது மாடியில் எதிரெதிரே. என் கணவர் இறந்த வருஷம் மழைக்குக் கட்டடத்துக்குள் ஒதுங்கிய குட்டிதான் மோத்தி. ஒதுங்கியவன் என் வீட்டிலேயே தங்கிவிட்டான். பாய்க்கு நாய் ஆகாது. பயம் இல்லை, மார்க்கம். நாயின் ஈரம் மேலே பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் மோத்தி எதிரே வந்தால், கட்டியிருக்கும் லுங்கியை, எங்கள் ஊரில் சாரம் என்போம், தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்பார். மோத்தியும் மறு சுவரை ஒட்டிப் போய்விடுவான். இருவருக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம். ஒருமுறை, நாய் வராந்தாவில் நடமாடக் கூடாது என்று யாரோ கமிட்டிக்கு மனு கொடுத்தார்கள். பாய் நேரே என் வாசலுக்கு வந்தார். "நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் தங்கச்சி. முதுகுக்குப் பின்னால செஞ்சான்னு இருக்கப்படாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அந்தப் பெருநாளுக்கு மைமூன் அக்கா கொடுத்துவிட்ட பிரியாணியைக் கோபத்தோடுதான் சாப்பிட்டேன். மீதி வைக்கவில்லை.

இந்த வருஷம் மழை விட்ட பிறகு மோத்தி ஒரு பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நடந்தான். வயது பன்னிரண்டு ஆகிறது, மூட்டு வலியாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு முட்டிக்கு மேலே வீங்கியது. மாட்டுங்காவில் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒரு நிழல் இருக்கிறது, புற்றாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம், எலும்பில் துளி எடுத்து லேபுக்கு அனுப்பினால்தான் தெரியும் என்றார். புற்றாக இருந்தால் இந்த வயதில் அவனை வதைக்காமல் ஊசி போட்டு அனுப்பிவிடுவதே நல்லது என்பதையும் மறைக்காமல் சொன்னார். எடுத்து அனுப்பினோம். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். டைல்ஸ் தரையில் கால் வழுக்கக் கூடாது என்று வீடு முழுக்கப் பழைய போர்வைகளை விரித்தேன். அவன் படுக்கும்போதும் புரளும்போதும் ஒரு சின்னச் சத்தம் போடுவான். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்ப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே கொடுத்தால் நல்ல ரிப்போர்ட் என்று நினைத்துவிடுவார்கள், முகம் வாடினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் முகத்தில் எதையும் காட்டாமல் கொடுக்கப் பழகியவள் நான். எத்தனையோ பேரிடம் "கல் ஆனா", நாளைக்கு வாங்க, என்று இந்தியில் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது தினமும் போன் செய்து அதையே நான் கேட்டுக்கொண்டேன். நாளை என்ற சொல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நம் லிஃப்ட் அப்போது கெட்டுக் கிடந்தது. ஒரு விடியற்காலையில் மோத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கினேன், அதற்கு மேல் முடியவில்லை. அவனோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். வழக்கம்போலச் சுவரோடு ஒட்டி நின்றார். நாங்கள் நகரவில்லை.

"என்ன தங்கச்சி, நடுப்படியில உக்காந்துட்டீங்க?"

"இவனால இறங்க முடியல பாய். என்னாலயும் தூக்க முடியல."

அவர் மோத்தியின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "தலப் பக்கம் நீங்க புடிங்க. என்னயக் கண்டா அவன் பல்லக் காட்டுவான்" என்று சொல்லி, மோத்தியின் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். மோத்தி பல்லைக் காட்டவில்லை. திடுக்கிட்டுப்போய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அன்று முதல், தொழுகை முடிந்து வந்ததும் பாய் என் கதவைத் தட்டுவார். இதற்கென்று ஒரு பழைய சாரத்தை ஒதுக்கி வைத்து அதைக் கட்டிக்கொண்டு வருவார்.

மேலே ஏறி வந்ததும் கை கழுவும் சடங்கு. கும்பார்வாடாக் குயவர்களிடமிருந்து களிமண் வாங்கி, காயவைத்துப் பொடித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். மைமூன் அக்கா வாசலில் வாளியும், கழுவிய தண்ணீர் விழ ஒரு பேசினும் எடுத்து வைப்பார். அந்தக் கையோடு அவர் குவளையைத் தொடக் கூடாது என்பதால் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. பாய் வாய்விட்டு எண்ணுவார். நடுவில் நான் ஏதாவது பேசிக் கணக்கைத் தப்பவைத்தால் என்னை முறைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். ஒருநாள் எனக்கு மனசு கேட்காமல், "எங்களால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் பாய்" என்றேன். கையை உதறிக்கொண்டே சொன்னார்: "நாய் மேல ஒரு குத்தமும் இல்ல தங்கச்சி. அதுக்கு வலிக்கி, அது அதோட பாடு. கழுவுறது என் பாடு. ரெண்டையும் போட்டுக் கொழப்பப்படாது."

பிறகு அவருக்குள் இருந்த முதலாளி விழித்துக்கொண்டார். மோத்தியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து இருபுறமும் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால் பின்னங்காலில் பாரம் விழாது என்று கணக்குப் போட்டு, கார்கானாவில் தானே உட்கார்ந்து ஒரு தோல் வார் தைத்துக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு மெத்தை, வெளியே பளபளப்பு, பித்தளை பக்கிள் வேறு. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றார். மறுநாள் விடிகாலையில் பார்த்தால் பக்கிள்கள் மட்டும் கிடந்தன. ஆட்டுத்தோலைக் கொண்டுபோய் இரவு முழுக்க நாயின் தலைமாட்டில் வைத்தால் அது வேறென்ன செய்யும்? மோத்தி சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று வயிறாரச் சாப்பிட்டிருந்தான். பாய் பக்கிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இத்தன வருசத் தொழில்ல என் சரக்க இவ்வளவு ருசிச்ச ஆளு இவன்தான்" என்றார். வீட்டுக்குள் போய் வேறு சாரம் மாற்றிக்கொண்டு, நாய்க்கென்று ஒதுக்கிய பழைய சாரத்தை எடுத்து வந்து நீளவாக்கில் மடித்தார். அதுதான் கடைசி வரைக்கும் உழைத்தது. ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, அந்தக் குறுகல் படியில் மூவரும் இடித்துக்கொண்டே இறங்குவோம்.

சாரம் வந்த பிறகு பாய் மோத்தியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கீழே இறங்கியதும் மோத்தி திரும்பி அவர் புறங்கையை ஒருமுறை நக்குவான். பாய் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒருநாளும் இழுத்ததில்லை. "சரிலே, சரிலே" என்பார். மேலே வந்து மண் டப்பாவைத் திறப்பார். மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தவனுக்குக் கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். பழத்தைக் கார்கானாவுக்குப் போகிற வழியில் அவரே வாங்கிவந்தார்.

ரிப்போர்ட் ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒருநாள் கேட்டார். எலும்பு கடினம், மருந்தில் ஊறவைத்து இளக்கிய பிறகுதான் சீவிப் பார்க்க முடியும் என்று சொன்னேன். அவர் இளவயதில் தோல் பதனிடும் ஷாப்பில் ஊறல் தொட்டியில் நின்று வேலை பார்த்தவர். உடனே புரிந்துகொண்டார். "ஊறாத தோல்ல கத்திய வெச்சா தோலும் போச்சு, கத்தியும் போச்சு. ஊறட்டும் தங்கச்சி" என்றார். அதன் பிறகு நான் போனைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போதெல்லாம் அவரிடமிருந்து "ஊறட்டும்" என்ற அந்த ஒரு சொல்தான் வரும்.

ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் மோத்தி தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் கூட எழுந்து போகவில்லை. நான் வைத்த சோற்றின் முன்னால் தலையைக் கீழே போட்டுப் படுத்திருந்தான். எனக்காக இவனை வைத்து வதைக்கிறேனோ என்று தோன்றியது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு ஊசிக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, அதை மைமூன் அக்காவிடம் சொல்லி அழுதேன். பாய் வந்து வாசற்படியிலேயே நின்றார். எப்போதும் கத்துகிற மனுஷன், அன்று மெதுவாகப் பேசினார்.

"வலி தாங்க முடியாமக் கெடக்கானா, வலிக்கு வேற மருந்து இருக்கான்னு கேளுங்க. அதுக்குப் போன் போடுங்க. ரிப்போர்ட்டு கெட்டதா வந்தா நானும் கூட வாரேன், நானே தூக்கிட்டு வாரேன். ஆனா காயிதம் வாரதுக்கு முந்தி கபுறு தோண்டப்படாது தங்கச்சி."

போன் போட்டேன். டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மறுநாள் மோத்தி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். அதற்கடுத்த வாரம் பாய் போய்விட்டார். நாங்கள் காத்திருந்த காகிதம் வருவதற்குள் அவருக்கே கபுறு தோண்டினார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

அன்று மாலையே ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான் முதலில் தோள் கொடுத்தீர்கள். நான் வராந்தாவில் பெண்களோடு நின்று பார்த்தேன். மறுநாள் விடிகாலையில் மோத்தி வழக்கம்போலக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். யாரும் தட்டவில்லை. சாரத்தின் இரண்டு முனையையும் நானே சேர்த்துப் பிடித்து, படிக்குப் படி நின்று நின்று இறக்கினேன். கீழே போனதும் அவன் நக்குவதற்காகத் திரும்பினான், பிறகு சும்மா நின்றான். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வாட்ச்மேன் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த அன்று டாக்டரம்மா கூப்பிட்டார். "கேன்சர் நஹி ஹை" என்றார். புற்று இல்லை, எலும்புக்குள் கிருமியாம், மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், கால் கொஞ்சம் நொண்டலாம், ஆனால் இருப்பான் என்றார். நான் போனை வைத்துவிட்டு நேரே எதிர்வீட்டுக் கதவுக்குப் போய்விட்டேன். கையைத் தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. காலமெல்லாம் மற்றவர்களுக்கு ரிப்போர்ட் கொடுத்தவளுக்கு, சொந்த ரிப்போர்ட்டைச் சொல்ல ஆள் இல்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. மைமூன் அக்கா அப்போது இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பின் வெளியே வராமல் இருக்கும் காலம் அது. கதவை ஒருக்களித்துத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

"வந்துட்டாம்மா காயிதம்?"

"வந்திருச்சுக்கா. புற்று இல்லையாம். பொழச்சுக்கிட்டான்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்தார். இருவரும் அழுதோம், எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் எழுந்திருக்கும்போது கேட்டார்: "காலையில மறுமுனைய யாரு புடிக்கா?"

"யாருமில்லக்கா. நானே பாத்துக்கிடுதேன்."



அடுத்த நாள் விடிகாலையில் கதவு தட்டப்பட்டது. மோத்தி எனக்கு முன்னால் எழுந்துவிட்டான். வெளியே பாயின் மகன் யூசுப் நின்றிருந்தார். டோம்பிவிலியில் குடும்பத்தோடு இருக்கிறவர், அம்மாவுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தார். ஜீன்ஸை முட்டி வரை மடித்துவிட்டிருந்தார். நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே அவருக்கு நடுக்கம். "உம்மா அனுப்பிச்சாங்க ஆண்ட்டி. எந்த சைடு பிடிக்கணும், போலோ" என்றார். அவரது அப்பா பிடித்த முனையைக் கொடுத்தேன். மூவரும் இடித்துக்கொண்டு இறங்கினோம். கீழே போனதும் மோத்தி திரும்பி அவர் புறங்கையை நக்கினான். யூசுப் கண்ணை இறுக மூடிக்கொண்டார், கையை இழுக்கவில்லை.

மேலே வந்தபோது வாளியும் பேசினும் பிஸ்கட் டப்பாவும் வாசலில் இருந்தன. யூசுப் டப்பாவைப் பார்த்துக்கொண்டு தயங்கினார்.

"ஆண்ட்டி, வாப்பா மண்ணை எப்பப் போடுவாரு? முதல்லயா, கடைசியிலயா?"

"முதல் தண்ணியில மண்ணு" என்றேன். "அதுக்கப்புறம் வெறுந்தண்ணி. நடுவுல பேசப்படாது."

குவளையை எடுத்து ஊற்றினேன். கதவுக்குப் பின்னாலிருந்து மைமூன் அக்கா மெல்ல எண்ணிக்கொண்டிருந்தார்.

காசிம் பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழைய சாரமும், அவர் கை கழுவிய முறையும்தான். சாரம் ஓரத்தில் நைந்துவிட்டது, கிழிந்தால் வேறு துணி மடித்துக்கொள்ளலாம். கழுவும் முறையை அவர் மகனிடம் சேர்த்துவிட்டேன். தண்ணீர் ஊற்றுவது மட்டும் இன்னும் என் வேலைதான்.