ஏரியின் பின்னால் போகிறவர்கள்

சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது சத்யப்பிரியாவின் வேலை. கூட்டம் குறைந்த மதியங்களில் அவள் செல்போனில் தொடர்கதை எழுதி வேறோர் உலகத்தை நடத்திக்கொண்டிருப்பாள். அந்த உலகத்தில் ஏரிக்குக் கால் உண்டு. பருவத்துக்கு ஒருமுறை அது எழுந்து வேறு பக்கம் போய்விடும். மீனும் நாரையும் தண்ணீரோடு போக, நனையர் என்ற கூட்டம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடக்கும். வீராணத்தைத் தவிர வேறு ஏரியைப் பார்த்திராதவளுக்கு எங்கிருந்துதான் இதெல்லாம் தோன்றுமோ.

நனையரிடம் ஒரு வழக்கம். சண்டை போட்டுக்கொண்ட இருவர்தான் கூடாரத்தின் நடுக்கம்பைத் தூக்க வேண்டும், ஆளுக்கொரு முனை. கோபத்தையும் சேர்த்துச் சுமந்தால் தூரம் போக முடியாது என்பது அவர்கள் கணக்கு. இதை யோசித்துக் கண்டுபிடித்த மகராசி, கணவன் கதிர்வேலின் தங்கை கனிமொழியோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. தன் மகளின் காதுகுத்தில் போட்டோவுக்கு யார் எங்கே நிற்பது என்று தொடங்கிய தகராறு. வீம்பு இரண்டு பக்கமும் சமம். உள்ளுக்குள் அவளுக்கு வலிக்கத்தான் செய்தது; முதலில் பேச மட்டும் வாய் வரவில்லை.

கதையை இணையத்தில் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பெயர் போடாத ஒருவர் கேட்டிருந்தார்: இருவரும் தூக்க மறுத்தால் கூடாரம் என்ன ஆகும்? அட, இதை யோசிக்கவே இல்லையே என்று சத்யப்பிரியாவுக்குக் குடைச்சல் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் போவார்களா, வேறு ஆள் தூக்கலாமா? சோறு வடிக்கும்போதும் அதே யோசனைதான்.

அந்தச் சமயத்தில் கதிர்வேலுக்குக் கடலூருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்து நின்றது. அண்ணன் கூப்பிட்டான் என்று தேவனாம்பட்டினத்திலிருந்து கனிமொழியும் ஒத்தாசைக்கு வந்தாள். இருவரும் முகம் பார்க்காமலே மாடி வீட்டுப் பாத்திரங்களைக் கீழே இறக்கினார்கள். கடைசியில் மாடியில் நீளப் பெஞ்சு மட்டும் மிச்சம். கதிர்வேல் கீழே கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சத்யப்பிரியா ஒரு முனையைப் பிடித்தாள். கனிமொழி மறுமுனையில் கை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"தூக்கலன்னா என்னா ஆவும் அண்ணி? கேட்டு எவ்ளோ நாளாச்சு, இன்னும் பதில் எழுதலியே."

சத்யப்பிரியாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெயர் போடாமல் கேட்டவள் இவள்தான். பேசாமல் இருந்த நாளெல்லாம் கதையைப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஏரி அது பாட்டுக்குப் போயிடும். நம்ம ரெண்டு பேரும் இங்கியே நிப்போம்."

"அப்ப தூக்குங்க," என்றாள் கனிமொழி. "நான் கீழ் முனைய புடிச்சிக்கறேன்."

படி குறுகல். திருப்பத்தில் பெஞ்சு சுவரில் இடித்தபோது, மெதுவா என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.