அண்ணி நட்ட கன்றுகள்

அந்தப் புகைப்படத்தில் அண்ணி முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டிருப்பார். தலையில் அகலமான ஓலைத்தொப்பி, இடுப்பில் பூப்போட்ட புதுக் கைலி, கையில் ஒரு கன்று. தொப்பியும் கைலியும் அவருடையவை அல்ல. படம் எடுக்கிற அன்று காலையில் எங்கள் கம்பெனி முதலாளியே கோல சிலாங்கூர் டவுனில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவை. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்தில் அண்ணி தலையில் கட்டியது ஒரு பழைய துண்டு. போட்டுக்கொண்டது என் அண்ணனின் கிழிந்த நீளக்கைச் சட்டை. அவற்றோடு வந்து நின்றால் படத்துக்கு நன்றாக இராது என்று படம் எடுத்தவர் சொல்லிவிட்டார். படத்தில் அண்ணி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். பார்த்தவர்கள் எல்லாரும் அந்தச் சிரிப்பைப் புகழ்வார்கள். சேற்றில் துள்ளும் சின்ன மீன் ஒன்று அந்த நேரம் பார்த்து அவர் காலில் ஏறிக்கொண்டது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. ஜெராமுக்கும் சுங்கை செம்பிலாங்குக்கும் இடையில், சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மண்பாதையின் முடிவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அங்கே கடற்கரைச் சேற்றை அள்ளி, வெயிலில் காயவைத்து, இடித்துச் சலித்து, பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் மண்ணாக டப்பிகளில் அடைத்து விற்றார்கள். நான் அங்கே கிளார்க். தட்டச்சு செய்வது, தொலைபேசி எடுப்பது, ஆங்கிலம் பேசும் விருந்தாளிகள் வந்தால் முதலாளிக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. முதலாளி ஜெராமில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரின் மகன். கோலாலம்பூரில் சோப்பு கம்பெனி ஒன்றில் விற்பனையாளராக இருந்து, இனி பெண்கள் ரசாயனத்தை விட்டு இயற்கைக்குத் திரும்புவார்கள் என்று மற்றவர்களுக்கு முன்னால் மோப்பம் பிடித்தவர். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் துணி அனுப்புவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே கிளினிக்குக்கு அழைத்துப் போவார்.

சேறு உண்மையில் நல்ல சேறுதான். சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் வெண்ணெய் போல வழவழவென்று இருக்கும். ஆனால் உப்பும் அழுகிய இலையும் சேர்ந்த ஒரு வாடை அதில் உண்டு. அது போவதற்காகச் சலிக்கும்போது ரோஜா செண்டு தெளிப்போம். டப்பியின் மேல் ‘வேறெதுவும் கலக்காதது’ என்று அச்சிட்டிருக்கும். “கடலுக்கே செண்டு பூசி விடுறோம் பாப்பா” என்று அண்ணி என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். டப்பியில் இன்னொரு வரியும் இருந்தது. சேறு எடுக்கும் கரையில், விற்கும் ஒவ்வொரு டப்பிக்கும் ஒரு பாக்காவ் மரக்கன்று நடுகிறோம் என்ற வரி. கடலும் மண்ணும் சேரும் இடத்தில் வேர்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மரம்.

அண்ணியை அந்த வேலையில் சேர்த்துவிட்டது நான். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் அவரும் அண்ணனும் இருந்த தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு வேறு ஏதோ செய்யப் போவதாகச் சொல்லி தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன் பழைய லோரி ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். ஒருநாள் ஓடும், மறுநாள் நிற்கும். ஜெராமில் நானும் அம்மாவும் குடியிருந்த பலகை வீட்டுக்கே அவர்களும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அண்ணியின் சம்பளம் வந்த பிறகுதான் அந்த வீட்டில் கோழிக்கறியின் வாசம் மறுபடியும் வந்தது.

முதலில் அவர் சேறு சலித்தார். பிறகு கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதலாளி அவரிடம் கொடுத்தார். பாக்காவ் மரத்தின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போலப் பச்சையாகத் தொங்கும். அண்ணி அவற்றைப் பொறுக்கி வந்து கறுப்புப் பைகளில் ஊன்றி, கொட்டகைக்குப் பின்னால் நிழலில் வரிசையாக வைத்தார். இரண்டு இலை விட்டதும் என்னை வந்து கூப்பிடுவார். தட்டச்சை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் முகம் வாடிவிடும். “கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து மரத்தக் கீறிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு மரத்த நட்டதில்ல பாப்பா” என்பார்.

கன்று நடும் முதல் விழாவுக்கு கிள்ளானிலிருந்து ஒரு மாதர் சங்கத்தார் வேன் பிடித்து வந்தார்கள். அந்தப் புகைப்படம் அன்று எடுத்ததுதான்; பிறகு கம்பெனியின் விளம்பரத் தாள்களில் அது வந்தது. ஆளுக்கு ஒரு கன்றை ஊன்றிக் கைதட்டிவிட்டுப் போனார்கள். மீதியை அண்ணி நட்டார். கோணிய கன்றுகளை நிமிர்த்தினார், ஆடியவற்றுக்குக் குச்சி கட்டினார். அடுத்த வாரம் முதலாளி வந்து அத்தனையையும் பிடுங்கிப் பைகளில் போட்டுவிடச் சொன்னார்.

அண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. “எங்க மாத்தி நடணும்ங்க?” என்று கேட்டார்.

“மாத்தியெல்லாம் நட வேணாம்லா. பையில இருக்கட்டும். அடுத்த மாசம் ஸ்கூல் பிள்ளைங்க வருது, அதுங்க நடட்டும்.”

“இது நல்லா புடிச்சிக்கிச்சிங்களே. அப்படியே விட்டா என்னாங்க?”

“அந்த எடத்தத்தானம்மா இனி தோண்டணும்” என்றார் முதலாளி, குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாக. “மரத்த விட்டுட்டா சேத்துக்கு நான் எங்க போவேன்?”

அண்ணி பிடுங்கினார். பள்ளிப் பிள்ளைகள் வந்து நட்டார்கள். அவர்கள் பேருந்து போன பிறகு மறுபடியும் பிடுங்கினார். இரண்டு மூன்று முறை பிடுங்கி நட்டதில் வேர் அறுந்து கன்றுகள் கருகின. கருகியவற்றை எறிந்துவிட்டுப் புதிதாகப் பொறுக்கி வந்து பைகளில் ஊன்றினார். இதற்கிடையில் தோண்டிய பள்ளங்களின் ஓரத்தில் தானாக வளர்ந்து நின்ற பெரிய மரங்கள் வேரடியில் பிடிமண் இல்லாமல் ஒன்றொன்றாகச் சாய்ந்தன. புதிதாக இலை விட்ட கன்றைப் பார்க்க அண்ணி என்னைக் கூப்பிடுவது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஒருநாள் அடுக்களையில் மீன் அலசிக்கொண்டே, “நட்டதப் புடுங்குற கை வெளங்குமா பாப்பா?” என்று கேட்டார். கம்பெனி அப்படித்தான் அண்ணி, என்றேன்.

பிறகு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். வெளிநாட்டில் கடைகள் வைத்திருப்பவர். எங்கள் சேற்றை மொத்தமாக வாங்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாங்குவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். முதலாளி கொட்டகைக்குச் சாயம் அடித்தார். பள்ளங்கள் இருந்த பக்கம் போகாமல், தோண்டாத வேறொரு பக்கமாக அவரை அழைத்துப் போனார். அங்கே இடுப்பளவு உயரத்தில் இளம் மரங்கள் அடர்ந்து நின்றன. எல்லாம் தானாக வளர்ந்தவை. “இவை எங்கள் டப்பிகளால் வளர்ந்த மரங்கள்” என்று முதலாளி ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் ஒரு மரத்தின் இலையைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான், விருந்தாளிகளுக்காக இளநீர்த் தட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணியைக் கவனித்தார்.

“படத்தில் இருக்கும் பெண் இவள்தானே!” என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. என் பக்கம் திரும்பி, “இவற்றில் எது அவள் நட்ட மரம் என்று கேள். அதன் பக்கத்தில் நின்று நானும் அவளும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்” என்றார்.

நான் அண்ணியிடம் தமிழில் கேட்டேன். அண்ணி முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரித்தபடி ஏதாவது ஒன்றைக் காட்டேன் என்பது போலத் தலையை அசைத்தார். அண்ணி அந்த இளம் மரங்களைப் பார்த்தார். அவற்றில் ஒன்றைக் காட்டி இது என்னுடையது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை என்று நினைக்கிறேன்.

“நான் நட்டது ஒண்ணும் இங்க இல்லன்னு சொல்லு பாப்பா. நட்டதெல்லாம் நாங்களே புடுங்கிட்டோம். இது அதுவா மொளச்சது.”

முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை. கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அந்த அம்மாள் இளநீர்த் தட்டை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொல். எனக்கு உண்மைதான் முக்கியம்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி பேசிக்கொண்டே வந்தார். “பாத்தியா பாப்பா, கையப் புடிச்சிக்கிட்டாங்க. சேத்துக் கைன்னு பாக்கல. இனி இந்தப் புடுங்குற வேல இருக்காது, பாத்துக்க. அந்தம்மா விட மாட்டாங்க.” நானும் நம்பினேன். அவ்வளவு நெருக்கமாக ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகு நம்பாமல் எப்படி இருப்பது?

இரண்டு நாளில் ஒப்பந்தம் முடிந்தது. அந்த அம்மாள் முன்பு பேசியதைவிட அதிகமான சேறு கேட்டிருந்தார். டப்பியில் ஒரே ஒரு திருத்தம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். புது வாசகத்தை முதலாளி வாய்விட்டுச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு டப்பிக்கும் ஒரு கன்று நடுகிறோம் என்பது போய், பாக்காவ் காடுகளை நாங்கள் நேசிக்கிறோம் என்று வந்தது. நட்டீர்களா, எங்கே, காட்டுங்கள் என்று யாரும் வந்து கேட்கலாம். நேசிக்கிறீர்களா, காட்டுங்கள் என்று யாரால் கேட்க முடியும்? உண்மை முக்கியம் என்று அந்த அம்மாள் சொன்னதன் பொருள் அந்தத் தட்டச்சுப் பொறியின் முன்னால்தான் எனக்கு விளங்கியது. எது உண்மை என்று தெரிந்திருந்தால்தானே எந்தச் சொல்லில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம் என்றும் தெரியும்.

அண்ணியை முதலாளி திட்டவில்லை. அந்த வார இறுதியில் கூப்பிட்டு, “கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடும்மா, வேணும்னா நானே சொல்லி அனுப்புறேன்” என்றார். வழக்கம் போல மரியாதையாகத்தான் பேசினார். சொல்லி அனுப்பவே இல்லை. என்னை அவர் விடவில்லை. ஆங்கிலக் கடிதம் எழுத வேறு ஆள் கிடைக்கும்வரை நான் தேவைப்பட்டேன். வீட்டில் ஒரு சம்பளமாவது எங்களுக்குத் தேவைப்பட்டது.

அண்ணன் குதித்தார். “ஒன்ன யாருடி மொளச்ச கதயெல்லாம் சொல்லச் சொன்னா? ஒரு மரத்தக் கையக் காட்டிட்டுப் போட்டோவுக்கு நின்னுட்டு வந்திருக்க வேண்டியதுதானே? மரமா வந்து இல்லன்னு சொல்லப் போவுது?”

“கேட்டாங்க. சொன்னேன்” என்றார் அண்ணி. அம்மா தன் பங்குக்கு, பிள்ளைகளின் வயிற்றை நினைத்துப் பார்த்திருக்கலாமே என்றார். சேறு என்ன, மரம் என்ன, நமக்கு எதற்கு என்று அக்கம்பக்கத்திலும் சொன்னார்கள். சரிதான், நீ செய்தது சரி என்று ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மாளைத் தவிர.

அந்தக் கரையில் இப்போது மரம் இல்லை. கடல் உள்ளே வந்து பழைய கொட்டகை இருந்த இடத்தையும் தின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். முதலாளி அதற்கு முன்பே நல்ல விலைக்குத் தொழிலை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் எந்தக் கடையில் எந்தச் சோப்பை எடுத்தாலும் பூமியை நேசிக்கிறோம், காட்டை நேசிக்கிறோம் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் வாய் கசக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்தது இவர்கள்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனுக்கு ரவாங்கில் லோரி வேலை கிடைத்ததும் நாங்கள் எல்லாரும் அங்கே குடிபெயர்ந்தோம். நானும் அந்த ஊரில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே தொழிற்சாலைகள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன. அண்ணி வேலை கேட்டுப் போன முதல் தொழிற்சாலையில், முன்பு செய்த வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். அண்ணி நடந்ததைச் சொன்னார். தகவல் அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. “அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே?” என்று அண்ணன் கத்தினார். அண்ணி, “நல்லா இருக்கிறவங்கள எப்படி அப்படிச் சொல்றது?” என்று கேட்டார்.

சில மாதம் கழித்து, கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு அவரோடு நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரப் பெண் ஒருவர் இருந்தார். அதே கேள்வியைக் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அண்ணியே தனக்குத் தெரிந்த கொச்சையான பசார் மலாயில் பதில் சொன்னார். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, படுத்த படுக்கை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் விட்டேன். அந்தப் பெண் இரக்கத்தோடு உச்சுக்கொட்டினார். இப்போது தேவலையா என்று கேட்டார். தேவலை, கடவுள் புண்ணியம், என்றார் அண்ணி. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

வெளியே வந்து அண்ணியும் நானும் பஸ் நிறுத்தம்வரைக்கும் நடந்தோம். பிறகு, “நல்லா சொன்னேனா பாப்பா?” என்றார்.

“நல்லா சொன்னீங்க அண்ணி.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு என் காதருகில் குனிந்து, “அத்தைக்கு நெசமாவே ஏதும் வந்துறாதுல்ல?” என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பழக்கடையில் நின்று ஆரஞ்சு வாங்கினார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்குவதுபோல நல்லதாகப் பொறுக்கி வாங்கினார். வாசலில் துணி காயவைத்துக்கொண்டிருந்த அம்மா பையைப் பார்த்துவிட்டு, “எதுக்கு இதெல்லாம்?” என்றார். அண்ணி ஒரு பழத்தை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, அம்மா அத்தனையையும் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.