கண்ணாடி கழுவியவள்

அவனை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். அவன் எனக்கு ஒரு வருடம் சீனியர். சோலார் செல்லுக்கான கேட்மியம் சல்ஃபைடு படலம் செய்வது என் வேலை. பீக்கரில் ரசாயனக் கரைசலை ஊற்றி, கண்ணாடித் துண்டைத் தொங்கவிட்டுச் சூடேற்றினால், அதன்மேல் மஞ்சளாக மெல்லிசாய்ப் படியும். சொல்லும்போது எளிது. படிந்தது உரியாமல் நிற்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அம்மோனியா வாடை துப்பட்டாவில் ஏறி, அன்னூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள்.

கடைசியில் படலம் நின்றது. கட்டுரை அனுப்பத் தயாரானபோது பார்த்தால், அவன் பெயரும் எங்கள் கைடு பெயரும் மட்டும் இருந்தன. என் பெயர் எங்கே என்று கைடிடம் போய்க் கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற அவனைப் பார்த்தார்.

"அவங்க கிளாஸ்தானுங்க சார் கழுவிக் குடுத்தாங்க. மத்ததெல்லாம் நாந்தானுங்க பண்ணுனேன்."

மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை! அவன் கையில் இருந்தது என் செய்முறை நோட்டு.

வீட்டில் போய் ஆத்திரத்தில் அழுதேன். "ஆனைமலைக்குப் போயி மாசாணிக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வந்தரலாம் கண்ணு. அநியாயம் பண்ணுனவனை அவ பாத்துக்குவா," என்றாள் அம்மா. அம்மனுக்கு எதற்குச் சிரமம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஏனென்றால் அவன் ஒருநாள்கூடக் கண்ணாடி கழுவியதில்லை. பெட்டியிலிருந்து எடுக்கும் புதுக் கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு அதில் ஒட்டியிருக்கும். சோப்பு, அமிலம், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன் என்று வரிசையாகக் கழுவி, அப்புறம் இடுக்கியால்தான் தொட வேண்டும். நோட்டில் நான் 'சுத்தமான கண்ணாடி' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் செய்முறையைப் பார்க்க வந்தார். காலையிலேயே அவன் என்னிடம் வந்தான்.

"ஏனுங்க, கிளாஸ் ரெடிங்களா?"

"நோட்டுல இருக்கறபடி நீங்களே செஞ்சுக்குங்க."

பெட்டியைப் பிரித்தான். ஒரு கண்ணாடியைக் கையாலேயே எடுத்துக் கிளிப்பில் மாட்டினான். நான் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்துத் தண்ணீர் விட்டான். மஞ்சள் பொருக்குப் பொருக்காக உரிந்து தொட்டியில் ஓடியது. ஒட்டியிருந்த கொஞ்சத்தின் நடுவே அவன் கட்டைவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது. வந்தவர் குனிந்து பார்த்தார்.

"கிளாஸை யாருங்க கழுவுனது?"

கைடு என் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் கழுவிக் குடு அம்மணி."

"குடுக்கறேனுங்க சார். பேப்பர்ல மொதப் பேரு யாருதுங்க?"

இந்த முறை அவர் அவனைப் பார்க்கவில்லை. "உன்னுதுதாம்மா."

நான் கழுவிய கண்ணாடியில் மதியத்துக்குள் படலம் நின்றது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. அடுத்த இரண்டு நாளைக்குத் தேவையான கண்ணாடிகளை அவனைத்தான் கழுவ வைத்தேன். பக்கத்திலேயே நின்று, பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவுங்க என்றேன். கழுவினான்.

கட்டுரையை நானே திருத்தினேன். என் பெயர் முதலில், கைடு பெயர் அடுத்து. அவன் பெயரையும் விட்டுவிடவில்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் போட்டேன்: கண்ணாடி கழுவித் தந்தமைக்காக.