கடைச் சரக்கும் வீட்டுப் பீப்பாயும்

பதினோரு வருஷமாக, கிரேக்க நாட்டு நெமேயாவில் இடிந்து நிற்கும் பழைய கோயிலின் கல்தூண்களை ஆர்கிரோ வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்து வந்தாள். நாஃப்பிலியோவில் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டுகிற வேலை. காலையில் கோயிலும் பழைய ஓட்டப்பந்தயத் திடலும், மதியத்துக்கு மேல் இரண்டு ஒயின் ஆலைகள், சாயங்காலம் திரும்ப ஓட்டல். இடிபாடுகளுக்குள் நின்று விளக்கம் சொல்ல அரசாங்க உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டும்தான் அனுமதி. டிரைவர் வாயைத் திறந்தால் அபராதம். திடலுக்குப் போகிற சுரங்கவழியில், தங்கள் முறை வரக் காத்திருந்த பையன்கள் சுவரில் பேரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான கிறுக்கல். சின்ன வயசில் அங்கே ஓடி விளையாடிய ஆர்கிரோவுக்கு எந்தப் பேர் எந்த இடத்தில் என்று மனப்பாடம். ஏதென்ஸிலிருந்து வரும் வழிகாட்டிப் பெண்ணோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போவாள். ஆர்கிரோவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆலைகளில் அதைவிட மோசம். உள்ளே இருபத்தைந்து வயதுப் பொடியன் ஒருவன் கிளாஸைச் சுழற்றி, மேட்டு நிலத்துப் பழம், பள்ளத்துப் பழம் என்று அளந்து விட்டுக்கொண்டிருப்பான். பாதி தப்பாக இருக்கும். திராட்சைக் கொடிக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவள் வாசலில் நிற்பாள். வண்டி ஓட்டுகிறவள் ஒரு சொட்டுத் தொடக்கூடாது. யாராவது வந்து காகிதக் குவளையில் காப்பியை நீட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஊரில் காப்பி என்றால் முதல் கேள்வியே சர்க்கரை எவ்வளவு என்பதுதான். பதினோரு வருஷத்தில் ஒருத்தர் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அதனால்தான் அவள் நாலு வருஷமாகத் திட்டம் போட்டாள். புருஷன் லம்பிஸுக்குப் பத்து ஏக்கர் திராட்சை. கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தவனை நச்சரித்து, கொஞ்சத்தைப் பாட்டிலில் அடைக்க வைத்தாள். தூண் படம் போட்ட லேபிளை அவளே தேர்ந்தெடுத்தாள். டிராவல்ஸ்காரர்கள் இரண்டு ஆலைகளோடு வீட்டையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டால் போதும். முற்றத்தில் நின்று அவள் பேசுவாள், வேறு யாராவது ஓட்டட்டும். டிராவல்ஸை நடத்தும் இஸ்மினி மே மாதத்தில் ஒருநாள் நாலு டச்சுக்காரர்களோடு வந்து பார்ப்பதாக ஒத்துக்கொண்டாள். அன்றைக்கே முடிவும் சொல்லிவிடுவாளாம்.

முந்தின நாள் ஆர்கிரோ லம்பிஸுக்குப் பாடம் நடத்தினாள்.

"நாலு பாட்டில், நாலு கிளாஸ், ஒரு தட்டுல பாலாடைக்கட்டி. நாப்பது நிமிஷம். நான் பேசுவேன், நீ ஊத்து. புரியுதா?"

"சோறு?"

"சோறு கிடையாது. ருசி பாக்க வர்றாங்கய்யா, விருந்துக்கு வரல."

"மத்தியான நேரத்துல வெறும் வயித்துக்கு ஒயினா? கொல்லவா கூப்பிட்டிருக்கோம்?"

"சொன்னதைச் செய், சாமி!"

லம்பிஸ் தலையாட்டினான். அவன் தலையாட்டலை நம்பி முப்பது வருஷம் ஏமாந்தவள், மறுபடியும் நம்பினாள். என்ன செய்வது, மறுநாள் வேனை ஓட்டவும் அவள்தானே போயாக வேண்டும்.

கோயிலிலேயே ஒன்றரை மணி நேரம் தாமதம். ஒரு டச்சுக்காரர் ஒன்பது தூண்களையும் தனித்தனியாகப் படமெடுத்தார். வீட்டு வளைவில் வேனைத் திருப்பும்போதே ஆர்கிரோவின் மூக்குக்குப் பட்டை வாசனை எட்டிவிட்டது. சேவல் குழம்பு! முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைத் துணி விரித்த மேஜை. நடுவில் அண்டா. அதன் பக்கத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று, உள்ளே கருஞ்சிவப்பாய் வீட்டுப் பீப்பாய் ஒயின். மெல்லிய கிளாஸ்கள் எங்கே? தண்ணீர் டம்ளர்கள் இருந்தன. லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்றைக்கூடக் காணோம்.

அவனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே? பிளாஸ்டிக் பாட்டில்லயா? என் மானம் போச்சு!"

"உன் மானமா? வீட்டு வாசப்படி ஏறி வந்தவங்களுக்குக் கடைச் சரக்கையா ஊத்துவாங்க? எங்கப்பன் கேட்டிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பான்."

"அது கடைச் சரக்கில்ல, உன் சரக்குதான்!"

"காசுக்குன்னு அடைச்சா கடைச் சரக்குதான். நாம குடிக்கிறதுதான் விருந்தாளிக்கு."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலு வருஷப் பாடு ஒரு சேவலோடு வெந்து போயிற்றே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மனப்பாடம் செய்த பேச்சை ஆரம்பிக்கலாமென்று தொண்டையைக் கனைத்தாள். "எங்க மண்ணு சிவப்பு மண்ணு..." அதற்குள் லம்பிஸ் டம்ளர்களை விளிம்புவரை நிரப்பி, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று கரண்டியால் மேஜையைத் தட்டினான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். டச்சுக்காரர்கள் சாப்பிட்டார்கள். டம்ளர் காலியாகும் முன்னே மறுபடி நிறைந்தது. நாப்பது நிமிஷம் மூன்று மணி நேரமாயிற்று. தூணைப் படமெடுத்தவர் லம்பிஸின் தோளைக் கட்டிக்கொண்டு ஏதோ பாடினார். போகும்போது வீட்டுக்குள் அடுக்கியிருந்த லேபிள் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, தாங்களாகவே இரண்டு பெட்டி கேட்டு வாங்கினார்கள். ஆர்கிரோ தண்ணீர் குடித்தாள்.

வேனில் ஏறுமுன் இஸ்மினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்கிரோ, இதைத்தான் நான் தேடிட்டிருந்தேன்! கிளாஸைச் சுத்திக் காட்டுற இடம் நாப்பது இருக்கு. ஜூன்லேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை உங்க வீடுதான்."

ஆர்கிரோவுக்கு மூச்சு வந்தது. "அப்ப வேனுக்கு வேற ஆள் பாத்துடலாம் இல்லையா, மேடம்? நான் இங்கயே நின்னு பேசிக்கிறேன்."

"ஐயோ, நீங்க இல்லாம எப்படி? இந்த வளைவுல வேனைத் திருப்ப வேற யாரால முடியும்? வீட்டை அவரே பாத்துக்குவாரு. பேச்சே வேண்டாம், அதுதான் அழகு."

முப்பது வருஷத்தில் முன்னூறு வார்த்தை பேசாத மனுஷன்! அவனுடைய பேசாமைக்கு இப்போது மவுசு. எழுதி வைத்துப் படித்த அவள் பேச்சுக்கு இடமில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை. எட்டுப் பேரை இறக்கிவிட்டு, சொந்த வீட்டு வாசலில் வேனோரமாக நின்றாள் ஆர்கிரோ. அவளும் உட்கார்ந்துவிட்டால் ஒருவருக்கு நாற்காலி குறையும். உள்ளே கரண்டி மேஜையைத் தட்டுவது கேட்டது. தான் தேர்ந்தெடுத்த லேபிள் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சாவியை அவன் மூஞ்சியில் விட்டெறியலாமா என்று நினைத்தாள். அவன் முதல் டம்ளரைக் குடித்துவிட்டிருப்பான், ஓட்ட முடியாது.

கொஞ்ச நேரத்தில் லம்பிஸ் தட்டோடு வெளியே வந்தான். தட்டில் காப்பி. வீட்டுச் சின்னக் கோப்பை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"டிரைவரம்மாவுக்கு" என்றான், சிரித்துக்கொண்டே.

"போய்யா, உள்ள போ. உன் விருந்தாளிங்க டம்ளர் காலியா இருக்கப் போகுது."

அவன் போனான். அவள் ஒரு வாய் குடித்தாள். ஒன்றரைக் கரண்டிச் சர்க்கரை, பொங்கவிடாமல் இறக்கியது, அவளுக்குப் பிடித்த பக்குவம். பதினோரு வருஷத்தில் இந்த வேனுக்குப் பக்கத்தில் கிடைத்த முதல் சரியான காப்பி. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.