மேட்டில் தட்டும் சத்தம்

பக்கீர் முகம்மதுவின் இடது கை, எஞ்சினுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பற்றியிருக்கும். வலது கை ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்து விடும். காது எஞ்சினுக்குள் இருக்கும். எழுபத்தாறு, எழுபத்தேழில் சின்னமனூர் டாக்சி ஸ்டாண்டில் காலைதோறும் இந்தப் பரிசோதனை நடந்தது. அவருடைய ஃபியட் டாக்சியின் சீட்டில் எப்போதும் ஏலக்காய் வாசம் இருந்தது.

மேகமலை ஏறத் திணறுகிறதென்று மதுரையில் ஹெட்டை இழைத்து எஞ்சினின் அழுத்தத்தைக் கூட்டியிருந்தார். அதிலிருந்து சாதா எண்பத்து மூன்று ஆக்டேன் பெட்ரோல் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டில் டக் டக்கென்று தட்டும். தொண்ணூற்று மூன்றுதான் வேண்டும். அதற்குத் தேனிக்குப் போகவேண்டும்.

"என்ன பாய், வண்டிக்கு இன்னைக்கும் பிரியாணியா?" என்பார் பக்கத்து அம்பாசிடர் கர்ணன்.

"ஒன் வண்டிக்குக் கஞ்சி போதும்ப்பா. வெல கூடுனத ஊத்துனா மட்டும் பறந்துருமாக்கும்? எஞ்சின் கேக்குறதக் குடு."

ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபராணிக்கு இந்தப் பேச்சுப் பிடிக்கும். ஆசையாகக் கண்டதை ஊட்டி நோயாளியைக் கெடுக்கும் சொந்தக்காரர்களை அவள் நிறையப் பார்த்தவள்.

ஒரு நாள் மத்தியானம் மேகமலை எஸ்டேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தது. தொழிலாளர் லயத்தில் பொன்னாத்தாளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. ஸ்டாண்டில் பாயின் வண்டி மட்டும் நின்றது. தேனியில் இரண்டு நாளாகத் தொண்ணூற்று மூன்று இல்லை; டாங்க் காய்ந்திருந்தது.

பாய் சாதாவை நிரப்பினார். டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை பின்னுக்குத் திருப்பினார். "பொறி தாமசமா விழும். இழுவை கொறையும், ஆனா தட்டுறது அடங்கும்," என்றார்.

ரோடு என்று அப்போது அதைச் சொன்னது மரியாதைக்கு. அவரும் ஜெபராணியும் முதல் கியரில் ஊர்ந்தார்கள்.

"மிதிங்க பாய்! அங்கன ஒருத்தி செத்துக்கிட்டிருக்கா!"

"மிதிச்சா பிஸ்டன் ஓட்டையாயிரும். பாதியில நின்னா அவளுக்கு யாரு இருக்கா? கொஞ்சம் வாய மூடுங்க நர்சம்மா, எனக்குச் சத்தம் கேக்கணும்."

ஜெபராணியை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளும் எஞ்சினுக்குக் காது கொடுத்தாள். தட்டல் எழும்போதெல்லாம் பாயின் கால் மேலே வந்தது. அடங்கியதும் மெல்ல இறங்கியது. வலி இல்லாத நேரத்தில் முக்காதே என்று பிரசவத்தில் அவள் சொல்வதும் இதைத்தான்.

கருக்கலில் போய்ச் சேர்ந்தார்கள். ஊசி போட்டுக் கொடியை எடுத்தபோது பொன்னாத்தாளின் நாடி நூலாக ஓடியது. ஓடியது, அது போதும்.

மறுநாள் காலை தாயைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பின்சீட்டில் கம்பளி விரித்துவிட்டுப் பாய் லயத்துக் குழாயடிக்குப் போனார். விறைக்கும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். பெட்ரோல் வாசம் போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். மூன்றாம் முறையும் முகர்ந்த பிறகுதான், பிள்ளையை வாங்கக் கை நீட்டினார்.